முப்பத்திரண்டாவது ஓடு

மார்ச் 1, ஞாயிறு

இன்று கோயில் கூட்டத்தில் கையைத் தூக்கிவிட்டேன். முளைப்பாரிப் பயிர் வளர்க்கும் ஓடுகளைக் காகிதத்திலேயே செய்து தருகிறேன் என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லியாயிற்று. காகிதத்தில் இதுவரை நான் செய்தது கப்பலும் வினாத்தாளும் மட்டுமே.

போன கோடையில் எங்கள் ஊருணியைத் தூர்வாரியபோது மூன்று டிராக்டர் நிறைய உடைந்த மண் ஓடும் பிளாஸ்டிக் பேசினும் வந்தன. எல்லாம் வருடாவருடம் பங்குனித் திருவிழாவில் நாங்கள் முளைப்பாரியோடு உள்ளே போட்டவை. இந்த வருடம் தண்ணீரில் கரையாத எதுவும் ஊருணிக்குள் போகக் கூடாது என்று நகராட்சி சொல்லிவிட்டது. கோயில் தலைவர் குருவையா அண்ணாச்சி நகராட்சித் தாளை வாசித்துவிட்டு எல்லோர் முகத்தையும் பார்த்தார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இருபத்திரண்டு வருடம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "தெரிஞ்சவங்க கையத் தூக்குங்க" என்று சொல்லிச் சொல்லி, அப்படி ஓர் அமைதியை என்னால் தாங்க முடிவதில்லை.

"டீச்சரம்மா, செய்யத் தெரியுமா?"

"தெரியும்."

"இருவத்தி நாலாந்தேதி ஓட்டுல தானியம் தூவி முத்து போடணும்."

"அதுக்கு முன்னாடியே குடுத்துருவேன், அண்ணாச்சி."

அவர் விரல் விட்டு எண்ணினார். "மொத்தம் முப்பத்து மூணு வீடு. டீச்சர் வீட்டையும் செல்லக்கனி வீட்டையும் கழிச்சா முப்பத்தொண்ணு."

கழித்தல் சரிதான். கணவன் இல்லாத பெண்கள் எங்கள் தெருவில் பாரி எடுப்பதில்லை. நான் மூன்று வருடமாக எடுக்கவில்லை, பக்கத்து வீட்டுச் செல்லக்கனி இரண்டு வருடமாக. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எடுத்தால் கழுத்துவலிதான் மிச்சம்.

மார்ச் 3, செவ்வாய்

பள்ளி விட்டு வந்து, செல்போனில் ஒரு பெண் சொல்லிக்கொடுத்தபடி செய்தித்தாளைக் குடைக்கம்பியில் சுற்றிக் குழல் குழலாக உருட்டினேன். நூற்றுப் பத்துக் குழல். பிறகு பாய் முடைவதுபோல் மேலும் கீழுமாகப் பின்னினேன். கூடை வந்துவிட்டது, கொஞ்சம் கோணல். பெருமையாக மண்ணை அள்ளிப் போட்டேன். இடுக்கு இடுக்காக எல்லாம் கீழே வந்துவிட்டது.

கூடை இப்போது வெங்காயத்துக்கு. வெங்காயம் நன்றாக இருக்கிறது.

மார்ச் 5, வியாழன்

பின்னல் உதவாது. கூழ்தான் வழி. காகிதத்தைக் கிழித்து ஊறவைத்து, கிரைண்டரில் அரைத்து, கவிழ்த்த பேசின் மேல் அப்பினேன். காய்ந்த பிறகு கழற்ற வரவில்லை. தட்டினேன், நெம்பினேன், கடைசியில் திட்டினேன். பேசின் மேல் முதலில் ஈரத்துணி விரிக்க வேண்டுமாம். இதைச் செல்போன் பெண் ஒன்பதாம் நிமிடத்தில் சொல்கிறாள். நான் எட்டாம் நிமிடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது என்று அணைத்துவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

ஒன்று கழன்று வந்தது! உருண்டையாக, சாம்பல் நிறத்தில், தட்டினால் டொக்கென்று கேட்கிறது. மண் போட்டுத் தண்ணீர் தெளித்து மூலையில் வைத்திருக்கிறேன். எட்டு நாள் ஈரத்தைத் தாங்க வேண்டும், ஒன்பதாவது நாள் ஊருணியில் கரைய வேண்டும். மருமகளிடம் கூட யாரும் இப்படி இரண்டும் கேட்க மாட்டார்கள்.

செல்லக்கனி வேடிக்கை பார்க்க வந்தாள். முப்பத்திரண்டு வயது, நூல் மில்லில் வேலை. அவள் புருஷன் லாரி மோதிப் போய்ச் சேர்ந்தான். எல்லோரும் என்னை டீச்சர் என்பார்கள், அவள் மட்டும் அண்ணன் பெண்டாட்டி முறை வைத்து மயினி என்பாள்.

"நான் பேப்பர் கிழிச்சுத் தாரேன் மயினி. ஓட்டைத் தொட மாட்டேன். என் கை பட்டுச்சுன்னு யாராச்சும் ஒண்ணு சொல்லிறக் கூடாது."

"என் கை பட்டதத்தானடி எல்லாரும் தூக்கப் போறாங்க?"

"நீங்க டீச்சரு" என்றாள்.

மார்ச் 10, செவ்வாய்

இரண்டாவது நாளே ஓடு கஞ்சியாகிவிட்டது. மைதாப் பசை சேர்த்து இன்னொன்று செய்தேன். அதை எலி தின்றுவிட்டது.

மார்ச் 11, புதன்

பூங்காவனம் அக்கா வந்தார். முளைப்பாரி வளர்க்கும் இருட்டறை அவர் வீட்டில்தான் இருக்கிறது. ஒன்பது நாளும் தண்ணீர் தெளிப்பது அவர் பொறுப்பு. எலி மிச்சம் வைத்த ஓட்டைக் கையில் எடுத்து மோந்து பார்த்தார்.

"வெந்தயம் போடலையா?"

"வெந்தயமா?"

"ஊறப்போட்டு மை மாதிரி அரச்சுக் காயிதத்தோட பெசையணும். அந்த வழுவழுப்புதான் ஒட்டும். கசப்புக்கு எலியும் அண்டாது, பூச்சியும் வராது. எங்க வீட்டுல அரிசிக் கூடையே காயிதக் கூடதான?"

"இத ஏன்க்கா கூட்டத்துல சொல்லல?"

"நீங்கதான் தெரியும்னீகளே டீச்சர்."

மார்ச் 14, சனி

வெந்தயம் வேலை செய்கிறது. விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தி வழித்துவிட்டால் மண்சட்டி தோற்றுவிடும். முதல் நாள் நிழலில், இரண்டாம் நாள் வெயிலில் காய வேண்டும். நேரே வெயிலில் வைத்தால் வெடிக்கிறது. உள்ளே வாழைச்சருகு விரித்துவிட்டால் ஈரம் சுவருக்கு ஏறவில்லை. சோதனைக்கு வைத்தது நேற்றிலிருந்து இறுக்கமாக நிற்கிறது. சருகு யோசனை எங்கிருந்து தோன்றியது என்று யாராவது கேட்டால், அது என் சொந்தக் கண்டுபிடிப்பு. பூவும் சருகுப் பொட்டலத்தில்தானே வாங்குகிறோம்?

தெருவே எட்டுப் பேசின் கடன் கொடுத்திருக்கிறது. பழைய பேப்பரும் குவிந்துவிட்டது. போதும் போதும் என்று நான்கு கட்டைக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருக்கிறேன். செல்லக்கனி ஷிப்ட் முடிந்ததும் வந்து கிழிக்கிறாள். கத்தரிக்கோல் கூடாது, கிழித்தால்தான் நார் பிரிந்து பிடிக்கும். அவள் கிழிக்கும் வேகத்தைப் பார்த்தால் யாரையோ நினைத்துக் கிழிப்பதுபோல் இருக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

பதினாறு முடிந்தது. கை முழுக்க வெந்தய வாசம். "டீச்சர், இன்னைக்கு உங்க வீட்டுல வெந்தயக் குழம்பா?" என்று ரோல் நம்பர் ஒன்பது கேட்டது. ஒரு வாரமாக வெந்தயக் குழம்புதான் என்றேன்.

மார்ச் 21, சனி

முப்பத்தொன்றும் முடிந்தது. மொட்டைமாடியில் வரிசையாகக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு என்னையே பிடித்துவிட்டது.

குருவையா அண்ணாச்சி வந்து ஒன்றைத் தூக்கித் தட்டிப் பார்த்தார். "மண்ணு ஓட்டுல பாதிக் கனம் கூட இல்ல. பொம்பளையாளுக்குச் சொகமா இருக்கும். டீச்சரம்மா, நீங்க பெரிய ஆளு" என்றார். பாராட்டு நியாயமானது, ஏற்றுக்கொண்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

பாதுகாப்புக்கு ஒன்று கூடுதலாகச் செய்து வைப்பது நல்லது. தூக்கும்போது ஏதாவது உடைந்தால்?

காகிதம் பற்றாது போலிருந்தது. அதனால் என் கணவருடைய தகரப்பெட்டியைத் திறந்தேன். பெட்டி நிறைய அவர் எழுதிய மனுக்களின் நகல்கள். அவர் மின்வாரியத்தில் வேலை பார்த்தார், ஆனால் உயிர் இருந்தது மனுவில். தெருவிளக்குக்கு மனு, குழாய்க்கு மனு, ஊருணியைத் தூர்வார மட்டும் பதினெட்டு மனு. எல்லாம் நீல மை, ஒரே மாதிரி குண்டுக் கையெழுத்து. தூர்வார ஆள் வந்தபோது அவர் இல்லை.

செல்லக்கனி ஒரு தாளைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு கிழிக்காமல் நின்றாள்.

"கட்டிலுக்கடியில நாலு கட்டு பேப்பர் கெடக்கே மயினி?"

"அது வேற வேலைக்கு வேணும். கிழி."

அவள் இந்த முறை மெதுவாகக் கிழித்தாள்.

மார்ச் 23, திங்கள்

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஏழு மணிக்கே மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். நாளை முத்து போடும் நாள். கிரைண்டரும் இல்லை, மிக்ஸியும் இல்லை. பள்ளிக்கு அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டுக் கூழைக் கையாலேயே பிசைந்தேன். சரியாக மசியவில்லை, எழுத்துகள் அங்கங்கே அப்படியே தெரிந்தன. வெந்தயத்தை ஊறவைக்கவே மறந்திருந்தேன். இரண்டு கைப்பிடியை அப்படியே போட்டுப் பிசைந்துவிட்டேன். சருகும் தீர்ந்துபோயிருந்தது. மெல்லியதாக அப்பி, பங்குனி வெயிலில் நேரே வைத்தேன். சாயங்காலத்துக்குள் காய்ந்துவிட்டது. ஒரே ஒரு கீறல். முப்பத்திரண்டில் இதுதான் அசிங்கம்.

மார்ச் 24, செவ்வாய்

முத்து போட்டாயிற்று. பூங்காவனம் அக்கா வீட்டு இருட்டறையில் அவரவர் ஓட்டில் அவரவர் எருவும் மண்ணும் நிரப்பி, ஊறவைத்த தானியத்தைப் பரப்பினார்கள். ஒன்றும் உடையவில்லை. கூடுதல் ஓடு சும்மா இருந்தது.

சும்மா வைப்பானேன்? சருகு இல்லாத ஓடு எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்க்கலாமே. அதிலும் மண்ணை நிரப்பி ஒரு பிடி பாசிப்பயறும் தட்டைப்பயறும் போட்டு மூலையில் வைத்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"அது யாருக்கு டீச்சர்?" என்று யாரோ கேட்டார்கள்.

"சோதனைக்கு."

பூங்காவனம் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "சோதனைக்கும் நான்தான் தண்ணி தெளிக்கணும், இல்ல?" என்றார்.

மார்ச் 26, வியாழன்

பூங்காவனம் அக்கா வீட்டுப் பக்கம் பாரிக்குக் கும்மிச் சத்தம். நான் விடைத்தாள் திருத்தினேன்.

மார்ச் 29, ஞாயிறு

காலையில் பூங்காவனம் அக்கா தலைவிரிகோலமாக ஓடி வந்தார். "டீச்சர், வாங்க. வந்து பாருங்க." மூச்சு வாங்கியது அவருக்கு. முப்பத்தொரு வீட்டுப் பாரியும் சரிந்துவிட்டதென்றே நினைத்தேன்.

முப்பத்தொன்றும் நன்றாக இருந்தன. வெளிறிய மஞ்சளில் ஒரு சாண் உயரம். மூலையில் என் ஓடு. உள்ளே பயறு வளர்ந்திருந்தது, அது பெரிதல்ல. ஓட்டின் வெளிச்சுவர் முழுக்க, விளிம்பிலிருந்து அடி வரை, சுற்றிச் சுற்றி முளைத்திருந்தது. காகிதம் எங்கே என்றே தெரியவில்லை.

அரை மணி நேரத்தில் தெரு முழுக்க வாசலில் நின்றது. ஒரு கிழவிக்கு அருள் வந்தது. குருவையா அண்ணாச்சி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்று பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"மூணு வருசமா உங்க வீட்டக் கழிச்சுச் சொல்றப்பல்லாம் எனக்கு நாக்கு கூசும் டீச்சரம்மா. முறைன்னு ஒண்ணு இருக்கு, நான் என்ன செய்ய? இப்ப ஆத்தாளே உத்தரவு குடுத்துட்டா. நீங்க எடுங்க. எவன் என்ன சொல்றான்னு பாக்கேன்."

தலையை மட்டும் ஆட்டினேன்.

எனக்குப் பார்த்த கணமே தெரியும். வாசம் போதும்.

மார்ச் 30, திங்கள்

பட்டுச்சேலையை எடுத்து வெயிலில் போட்டேன். அரக்கு நிறம், பச்சைக் கரை. ரவிக்கை இறுக்குகிறது.

எட்டாம் வகுப்பில் விதை முளைத்தல் பாடம் திருப்புதல். ஈரம், காற்று, வெப்பம். மூன்றையும் பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாளை மறுநாள் ஊர்வலம். ஒரு நாள்தான். பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் நட்டமில்லை.

மார்ச் 31, செவ்வாய்

நட்டம் உண்டு.

காலையில் செல்லக்கனி வந்தாள். கிழிக்கக் காகிதம் இல்லை, ஆனாலும் வந்தாள். பூவைக் கொஞ்சம் தொடுத்துக் கொண்டுவந்திருந்தாள், என் பாரிக்கு. வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"மயினி, எனக்கும் அப்பிடி மொளைக்குமா?"

அவள் கேட்ட மாதிரியை எழுத வரவில்லை. வேடிக்கையாகக் கேட்கவில்லை. இரண்டு வருடமாகத் தன்மேல் ஏதோ குற்றம் இருப்பதாக நம்பியவள், அது தீர்ந்ததா என்று அம்மனிடம் கேட்கிறாள். நான் வாயை மூடிக்கொண்டால் அடுத்த வருடம் அவள் ஒரு ஓட்டை வைத்துக்கொண்டு ஒன்பது நாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சுவர் முளைக்காது.

சாயங்காலக் கூட்டத்துக்கு ஒரு தட்டை மூடி எடுத்துக்கொண்டு போனேன். அந்த ஓடு செய்த நாளில் மிஞ்சிய கூழை வில்லை தட்டிக் காயவைத்திருந்தேன். ஞாயிறு காலையே அதை நனைத்து வைத்துவிட்டேன். எதற்கு நனைத்தேன் என்று அப்போது என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. தட்டைத் திறந்தேன். வில்லை முழுக்கக் குட்டி முளை.

"இது வெந்தயம். அன்னைக்குக் கரண்ட் இல்ல. அரைக்காம முழுசாப் போட்டுட்டேன், சருகும் வைக்கல. ஈரம் ஏறி மொளச்சிருக்கு. ஆத்தா உத்தரவு இல்ல, என் சோம்பேறித்தனம்."

குருவையா அண்ணாச்சி முகம் சிவந்துவிட்டது.

"ஏன் டீச்சரம்மா? நாங்களே வழி விட்டோம்ல? பேசாம எடுத்துட்டுப் போக வேண்டியதுதான?"

"எனக்கு மட்டும் விட்டீங்க அண்ணாச்சி. வெந்தயத்த ஒழுங்கா அரச்சவளுக்கு என்ன வழி?"

"அப்ப எடுக்கலேங்கீகளா?"

"எடுக்கணும்" என்றேன். குரல் உடைந்தது. உடைந்தால் உடையட்டும் என்று மேலே பேசினேன். "சோதனைக்கு வச்சேன்னு சொன்னது பொய். எடுக்கணும்னுதான் செஞ்சேன். மூணு வருசமா கும்மிச் சத்தத்துக்குக் கதவச் சாத்திட்டு உக்காந்திருக்கேன். நான் என்ன தப்பு செஞ்சேன்? உங்களுக்கெல்லாம் ஓடு செய்ய இந்தக் கை ஆகும், தூக்க ஆகாதா?"

இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். ஒருவர், முறையை மாற்ற நாம் யார் என்றார். பேச்சு ஏறி இறங்கி ஏறியது. கடைசியில் பூங்காவனம் அக்கா சுவரோரம் உட்கார்ந்தபடியே பேசினார்.

"முறை பேசுதீக. நானும் முறையே சொல்லுதேன். என் வீட்டு இருட்டுக்குள்ள வச்ச பாரி வீட்டோட தங்கக் கூடாது, வெளிய போயி ஊருணியில எறங்கியே ஆகணும். முத்து போட்ட கை எவளுதோ அவ தலதான் சொமக்கணும். டீச்சர் முத்து போட்டத இங்கன இருக்க அத்தன பேரும் பாத்தீக. அன்னைக்கு எவரும் வாயத் தொறக்கல. இப்ப அத நான் என்ன செய்யட்டும், என் தலையில வச்சுக்கிடவா?"

குருவையா அண்ணாச்சி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு முளையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார்.

"வெந்தயம்தான்" என்றார். "முப்பத்திரெண்டு பாரின்னு எழுதிக்கோங்கப்பா."

ஏப்ரல் 1, புதன்

எடுத்தேன்.

இரண்டு வீட்டார் எங்களோடு வராமல் முன்னாலேயே போய்விட்டார்கள். போகட்டும். நான் கடைசியில் நின்றேன். பூங்காவனம் அக்கா சும்மாடு வைத்து, ஓட்டைத் தூக்கி என் தலையில் ஏற்றினார். கழுத்துவலி என்று எழுதியிருந்தேன் அல்லவா? கனமே இல்லை.

அதுதான் சிக்கலும். பெருமாள் கோயில் திருப்பத்தில் நெற்றியில் ஈரம் இறங்கியது. கீறல் விட்ட இடம் இளகிக்கொண்டிருந்தது. ஊருணிக்கு இன்னும் முந்நூறு அடி. அது நடுத்தெருவில் சரிந்தால் நாளை என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும், அதை என்னோடு நிறுத்தவும் மாட்டார்கள். இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். பின்பக்கம் பிதுங்குவது தெரிந்தது, அங்கே என் கை எட்டவில்லை.

செல்லக்கனி தெருவோரமாக, கூட்டத்துக்கு வெளியே நடந்து வந்துகொண்டிருந்தாள். "மயினி, பின்னாடி போகுது" என்று கத்தினாள். நான் நின்றேன். அவளும் நின்றாள். பிறகு கூட்டத்துக்குள் புகுந்து வந்து, இரண்டு உள்ளங்கையையும் விரித்து ஓட்டின் பின்பக்கத்தைத் தாங்கிக்கொண்டாள்.

யாராவது ஏதாவது சொல்லியிருந்தாலும் குலவைச் சத்தத்தில் கேட்டிருக்காது. முந்நூறு அடியும் அப்படியே நடந்தோம், மாடும் வண்டியும் மாதிரி ஒருவர் பின் ஒருவராக.

படி இறங்கி இடுப்பளவுத் தண்ணீரில் விட்டதும் ஓடு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவிழ்ந்தது. முப்பத்திரண்டும் கரைந்தன, என்னுடையதுதான் எல்லாவற்றையும்விட வேகமாக. பயிர் மிதந்து போயிற்று. மசியாத துண்டு ஒன்று என் கைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நீல மையில் "பெறுநர்" என்று மட்டும் இருந்தது. அவர் கையெழுத்து. அங்கேயே நின்று அழுதேன். தண்ணீரில் நின்றதால் யாருக்கும் தெரியவில்லை என்று முதலில் எழுத நினைத்தேன். எல்லோருக்கும் தெரிந்தது.

ஏப்ரல் 2, வியாழன்

எட்டுப் பேசினையும் தேய்த்துக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். ஊருணியைப் போய்ப் பார்த்தேன், ஓட்டின் சுவடே இல்லை. குருவையா அண்ணாச்சி எதிரே வந்தார். "அடுத்த வருசத்துக்கும் நீங்கதான் டீச்சரம்மா" என்றார். எத்தனை என்று நான் கேட்கவில்லை, அவரும் கழித்துச் சொல்லவில்லை.

சாயங்காலம் செல்லக்கனி வந்தாள். கட்டிலுக்கடியில் குனிந்து ஒரு கட்டுப் பேப்பரை இழுத்துப் போட்டு, சம்மணமிட்டு உட்கார்ந்து கிழிக்க ஆரம்பித்தாள்.

"இன்னும் ஒரு வருசம் கெடக்குடி" என்றேன்.

"கெடக்கட்டும். என்னுது ஒண்ணு நானே செய்யப் போறேன்." கிழிப்பதை நிறுத்தாமலே சொன்னாள்: "வெந்தயத்த மட்டும் நல்லா அரச்சுக் குடுங்க மயினி. ஒண்ணு கூட மொளைக்கக் கூடாது."